புதுப் பின்பால் மெஷின்: வாரண்டி எதற்கு வரும், எதற்கு வராது?

13,000 டாலர் கொடுத்து வாங்கிய புத்தம்புது பின்பால் மெஷின்; கண்ணாடிக்கு அடியில் சாய்ந்த பலகையில் உருளும் உலோகப் பந்தை அடித்து ஆடும் மெஷின் அது. பெட்டியைப் பிரித்து இரண்டு வாரம்தான் ஆகிறது. உள்ளே பந்து மோதித் திரும்பும் ஒரு சிறு கம்பத்தைச் சுற்றிப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து மரம் தெரிகிறது. படம் எடுத்து அனுப்பினால் "இது வாரண்டியில் வராது" என்று ஒற்றை வரியில் பதில் வருகிறது. சில ஆண்டுகளாகவே இப்படிப்பட்ட படங்களும் அவற்றை ஒட்டிய சண்டைகளும் ஓயவில்லை. கம்பெனிகள் ஏமாற்றுகின்றன என்கிறார்கள் வாங்கியவர்கள். பின்பால் என்றால் அடிபடத்தான் செய்யும், இதற்குப் போய் அழலாமா என்கிறார்கள் பழைய கைகள். எது உற்பத்திக் குறை, எது இயல்பான தேய்மானம், எதற்கு யார் பொறுப்பு என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்தச் சண்டை புரியும்.

வாரண்டி யாருக்காக எழுதப்பட்டது?

பின்பால் மெஷின் காசு போட்டு ஆடும் தொழிலுக்காகப் பிறந்தது. பார், ஆர்கேடு, பவுலிங் மையம் போன்ற இடங்களில் மெஷினை வைத்து வசூலில் பங்கு பிரிக்கும் ஆபரேட்டர்கள்தான் பல பத்தாண்டுகளாக அதை வாங்கினார்கள். அவர்களிடம் மெக்கானிக் உண்டு, உதிரி பாகம் நிறைந்த வேன் உண்டு. ஒரு மெஷின் போட்ட காசை எடுத்துக் கொடுத்தால் போதும். பலகை தேய்ந்தால் விற்றுவிட்டு அடுத்ததை வாங்குவார்கள். அப்படிப்பட்ட வாடிக்கையாளருக்கு நீண்ட வாரண்டி தேவைப்படவில்லை. எலக்ட்ரானிக் போர்டுகளுக்கு மட்டும் குறுகிய காலப் பொறுப்பு, மற்ற பாகங்களுக்கு ஒன்றுமில்லை என்ற பாணியில் அன்றைய வாரண்டித் தாள்கள் இருந்ததற்கு இதுதான் காரணம்.

1999 அக்டோபரில் சிகாகோவின் வில்லியம்ஸ் நிறுவனம் பின்பால் பிரிவை மூடியது. அதே ஆண்டு சேகாவின் பின்பால் பிரிவை கேரி ஸ்டெர்ன் வாங்கி ஸ்டெர்ன் பின்பால் ஆக்கினார். அதன்பின் பத்தாண்டுக்கு மேல் பெரிய அளவில் பின்பால் தயாரித்தது ஏறக்குறைய அந்த ஒரே ஆலைதான். ஆர்கேடுகள் மூடப்பட்டு ஆபரேட்டர்கள் குறையக் குறைய, வீட்டில் வைத்து ஆடும் சேகரிப்பாளர்கள் அந்த இடத்தைப் பிடித்தார்கள். 2011-இல் தொடங்கிய ஜெர்சி ஜாக் பின்பால் ஆரம்பத்திலிருந்தே அவர்களைத்தான் குறிவைத்தது. ஸ்டெர்னும் ஒரே ஆட்டத்தை புரோ, பிரீமியம், லிமிடெட் எடிஷன் என்று மூன்று தரமாக விற்கத் தொடங்கியது. 2023 வாக்கில் அந்த மூன்றின் பட்டியல் விலை முறையே 6,999, 9,699, 12,999 டாலர்.

வாங்குபவர் மாறினார், விலையும் ஏறியது. வாரண்டித் தாள் மட்டும் அதே வேகத்தில் மாறவில்லை. சில நிறுவனங்கள் காலத்தை நீட்டியிருக்கின்றன, சில பிளேஃபீல்டையும் (பந்து உருளும் பலகை) சேர்த்திருக்கின்றன. ஆனாலும் தாளின் அடிப்படை பழையதுதான்: வாங்கியவரிடம் ஸ்க்ரூ டிரைவரும் மீட்டரும் இருக்கும், அவற்றைப் பயன்படுத்தவும் தெரியும் என்று அது எடுத்துக்கொள்கிறது.

இதில் பிடிவாதம் மட்டும் இல்லை, நடைமுறைச் சிக்கலும் உண்டு. மெஷினின் எடை சுமார் 110 கிலோ. உள்ளே ஏறத்தாழ 3,500 பாகங்கள், அரை மைல் நீளத்துக்கு வயர். பழுதானால் ஆலைக்குத் திருப்பி அனுப்பவும் முடியாது, ஊருக்கு ஊர் மெக்கானிக்கை வைத்திருக்கவும் முடியாது.

தாளில் கவனிக்க வேண்டிய சொற்கள்

"லிமிடெட் வாரண்டி" என்று தலைப்பிட்ட தாளில் சண்டை பெரும்பாலும் இந்த ஐந்து இடங்களில்தான் வரும்.

1. பாகமா, கூலியுமா? பெரும்பாலும் பாகம் மட்டும்தான். மாற்றுப் பாகம் இலவசமாக வரும். கழற்றி மாட்டுவது உங்கள் பாடு. மெக்கானிக்கை அழைத்தால் கூலி உங்கள் கையிலிருந்து.

2. தேய்மானப் பாகங்கள். ரப்பர் வளையம், பந்து, காயிலுக்குள் (பாகங்களை அசைக்கும் மின்காந்தச் சுருள்) இருக்கும் பிளாஸ்டிக் குழல் ஆகியவை முதல் நாளிலிருந்தே வாரண்டிக்கு வெளியே. இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

3. தோற்றக் குறை. ஆட்டத்தைப் பாதிக்காத, கண்ணுக்கு மட்டும் உறுத்தும் குறை. அதிகத் தகராறு வருவது இந்த வரியில்தான். உரிந்த பெயிண்ட் தோற்றக் குறையா, பலகையின் பழுதா என்பதைத் தாள் தெளிவாகச் சொல்வதில்லை.

4. நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது? விற்ற தேதியிலிருந்தா, உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்தா? விநியோகஸ்தரின் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்த மெஷின் என்றால் இது சின்னக் கேள்வி இல்லை.

5. முதல் உரிமையாளருக்கு மட்டுமா? பெட்டி பிரிக்காத மெஷினைத் தனியாரிடம் வாங்கினால் வாரண்டி கூடவே வரும் என்று நம்பிவிட வேண்டாம்.

பிளேஃபீல்டு: பிரச்சினையின் மையம்

பந்து உருளும் சாய்ந்த பலகைதான் பிளேஃபீல்டு. சுமார் அரை அங்குலத் தடிமனுள்ள பல அடுக்கு பிளைவுட். விளக்கு எரிய வேண்டிய இடங்களில் அதை வெட்டி, நிறமுள்ள பிளாஸ்டிக் வில்லைகளைப் பதித்து ஒட்டுவார்கள், இவை இன்சர்ட். அதன்மேல் படம் அச்சாகும். அதற்கும் மேலே பளபளப்பான, கடினமான கிளியர் கோட் பூச்சு. மரம், பிளாஸ்டிக், மை, பூச்சு என்று நான்கும் நான்கு விதமாகச் சுருங்கி விரியும் பொருள்கள். சுமார் 80 கிராம் எடையும் 27 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள இரும்புக் குண்டு இவற்றின் மேல்தான் இறங்கியும் எகிறியும் ஓடுகிறது.

புகார்களில் மூன்று வகை உண்டு. மூன்றையும் ஒரே கூடையில் போடுவதால்தான் பாதிக் குழப்பம்.

முதலாவது குழிகள். புது மெஷினில் நூறு ஆட்டம் ஆடிவிட்டு விளக்கொளியைச் சாய்த்துப் பிடித்தால் பலகை முழுக்கச் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரியும். ரேம்ப் எனும் சாய்வுப் பாதையிலிருந்து பந்து குதித்து விழும் இடத்தில் அடர்த்தியாக இருக்கும். பூச்சு கடினமாக இருந்தாலும் அடியிலுள்ள மரம் அமுங்கும். அதோடு பூச்சும் வளைந்து கொடுக்கும். இது பழைய மெஷின்களிலும் உண்டு. ஆட ஆடப் பள்ளங்கள் ஒன்றோடொன்று கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். பூச்சு விரிசல் விடாதவரை இது குறையே இல்லை. இதைக் காட்டி மாற்றுப் பலகை கேட்பவர்கள் தங்கள் நேரத்தை வீணாக்குவதோடு, நியாயமான புகார் உள்ளவர்களின் வாதத்தையும் நீர்த்துப்போகச் செய்கிறார்கள்.

இரண்டாவது, கம்பங்களைச் சுற்றி வரும் வீக்கமும் உரிதலும். இது வேறு கதை. கிளியர் கோட் தடவியதும் உலர்ந்ததுபோல் இருக்கும். உள்வரை இறுக அதற்கு மேலும் நாள் பிடிக்கும். முழுக்க இறுகும் முன் கம்பங்களைப் பூட்டி ஸ்க்ரூவை முறுக்கினால், அடியில் நசுங்கிய பூச்சு பிதுங்கி கம்பத்தின் காலடியில் மோதிரம்போல் நிற்கும். அதன்பின் பந்து கம்பத்தில் மோதும் ஒவ்வொரு முறையும் கம்பம் இம்மியளவு ஆடும். அந்த அசைவில் மோதிரம் விரிசல் விடும். பூச்சுக்கும் மைக்கும், அல்லது மைக்கும் மரத்துக்கும் இடையே பிடிப்பு குறைவாக இருந்தால், பூச்சு மையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு எழும். அப்போதுதான் மரம் பல்லிளிக்கிறது. பந்தைத் திருப்பி அடிக்கும் கைபோன்ற ஃபிளிப்பருக்கு மேலே முக்கோணமாக நிற்கும் ஸ்லிங்ஷாட்களின் கம்பங்களில் இது முதலில் தென்படும். பந்து ஓயாமல் அடிக்கும் இடம் அது.

இதை "இயல்பான தேய்மானம்" என்று ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. 1990-களில் ஆர்கேடுகளில் பல்லாயிரம் ஆட்டம் கண்ட பல மெஷின்களின் கம்பங்களைச் சுற்றி இப்படி உரியவில்லை. சில நூறு ஆட்டத்துக்குள் உரிந்தால் அது பூச்சின் வேதியியலோ ஆலையின் அவசரமோதான். ஆடியவரின் குற்றம் இல்லை.

மூன்றாவது, இன்சர்ட்களைச் சுற்றித் தெரியும் வெண்மையான நிழல். இதை கோஸ்டிங் என்பார்கள். ஈரப்பதத்தாலும் வெப்பத்தாலும் மரம் விரிந்து சுருங்கும்போது, இன்சர்ட்டின் மேலுள்ள மையும் பூச்சும் பிளாஸ்டிக்கை விட்டுப் பிரிகின்றன; இடையில் காற்று புகுந்து வெளுத்துத் தெரிகிறது. தொடக்கத்தில் பந்தின் ஓட்டத்தை இது பாதிக்காது. அதனால் "தோற்றக் குறை" என்ற வரிக்குள் எளிதாகத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் இன்சர்ட் பலகை மட்டத்துக்கு மேலே எழும்பியிருந்தாலோ கீழே இறங்கியிருந்தாலோ நிலைமை வேறு. பந்து அந்த இடத்தில் திசை மாறும். நகத்தை இன்சர்ட்டின் விளிம்பின் மேல் மெல்ல ஓட்டிப் பாருங்கள். தட்டினால் அது ஆட்டத்தைப் பாதிக்கும் குறை. புகாரிலும் அதையே எழுத வேண்டும். நிழலைப் பற்றி எழுதினால் பதில் எதுவென்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

மாற்றுப் பலகை தருகிறோம் என்று ஒப்புக்கொண்டால்?

மகிழ்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: வெறும் பலகையா, பாகம் பூட்டிய பலகையா? வெறும் பலகை என்றால் மேலே இருக்கும் ரேம்ப், கம்பம், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். திருப்பிப் போட்டு அடியிலிருக்கும் காயில், சுவிட்ச், விளக்கு, வயர்க் கற்றை அத்தனையையும் எடுத்து, புதுப் பலகையில் ஒவ்வொன்றாக, அதே இடத்தில், அதே ஆழத்துக்குப் பூட்ட வேண்டும். கைதேர்ந்தவருக்கே பல நாள் வேலை. கூலிக்கு ஆள் வைத்தால் ஆகும் செலவில் வாரண்டியின் மதிப்பே காணாமல் போகும். வெறும் பலகையை வாங்கி, கழற்றத் துணியாமல் சுவரில் சாய்த்து வைத்திருப்பவர்கள் உண்டு. பாகம் பூட்டிய பலகை மிக அரிதாகத்தான் கிடைக்கும்.

பலர் ஏற்கும் நடுவழி, கம்பத்துக்கும் பலகைக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் வாஷர் வைப்பது. ஸ்க்ரூவின் அழுத்தம் பரவலாகும், விரிசல் படர்வது குறையும். கையோடு செய்துவிடத் தோன்றும். செய்வதற்கு முன் விற்றவருக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் "நீங்கள் கழற்றியதால்தான் உரிந்தது" என்ற பதிலுக்கு நீங்களே வழி விட்டதாகும்.

முதல் ஆட்டத்துக்கு முன்பே கண்ணாடியைக் கழற்றி, டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து ஒளி பாய்ச்சிப் படம் எடுப்பது நல்லது. கம்பங்களின் காலடி, பந்து உள்ளே விழும் துளைகளின் உதடுகள், பந்தை ஏவும் பாதை பலகையில் சேரும் விளிம்பு ஆகியவை முக்கியம். தேதியுள்ள அந்தப் படங்கள் பின்னால் நடக்கும் வாக்குவாதத்தில் வேறெதைவிடவும் உதவும்.

போர்டும் வயரும்

எலக்ட்ரானிக்ஸில் நிலைமை தலைகீழ். பலகைக் குறைக்கு வாரண்டி தயங்கும். போர்டு போனால் பெரும்பாலும் பேச்சில்லாமல் புதிது வரும். ஆனால் போர்டின் தன்மையே மாறிவிட்டது. 1990-களின் வில்லியம்ஸ் போர்டில் ஒரு டிரான்சிஸ்டர் எரிந்தால், சால்டரிங் தெரிந்த எவரும் சில்லறைக் காசில் மாற்றிவிடலாம். 2015-இல் ஸ்டெர்ன் கொண்டுவந்த ஸ்பைக் என்ற எலக்ட்ரானிக் அமைப்பில் பலகைக்கு அடியில் ஆங்காங்கே, பக்கத்திலுள்ள பாகங்களை இயக்கும் நோடு போர்டுகள் இருக்கும். மேற்பரப்பில் ஒட்டிய நுண் பாகங்கள் நிறைந்தவை. பழுதானால் அவற்றைச் சரிசெய்வதைவிட முழுதாக மாற்றுவதுதான் வழக்கம். ஆகவே இங்கே கேட்க வேண்டியது, வாரண்டிக் காலம் முடிந்த பிறகும் அந்தப் போர்டு விலைக்குக் கிடைக்குமா என்பது.

போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் சின்ன விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். காசுக் கதவைத் திறந்தால் காயில்களுக்குப் போகும் மின்சாரம் தானாக நின்றுவிடும். பாதுகாப்புக்காக அங்கே ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மெனுவில் சோதித்துவிட்டு, "ஒரு காயிலும் வேலை செய்யவில்லை" என்று பதறுபவர்கள் ஏராளம். செத்த ஃபிளிப்பருக்கும் பல சமயம் காரணம் கழன்ற கனெக்டரோ காயில் முனையில் அறுந்த வயரோதான். பயணத்தில் குலுங்கி, ஆட்டத்தில் அதிர்ந்து, நட்டுகள் தளர்வது இந்த மெஷினின் குணம். கேபினட்டின் அடியில் இரண்டு ஸ்க்ரூ உருண்டு கிடந்தால் கலங்க வேண்டாம். எங்கிருந்து விழுந்தவை என்று தேடுங்கள், போர்டின் மேல் விழுந்திருந்தால்தான் ஆபத்து.

மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. புது ஆட்டம் ஆலையை விட்டு வரும்போது அதன் நிரல் பெரும்பாலும் முடிந்திருக்காது. பதிப்பு எண் 1.0-க்குக் கீழே இருப்பது சகஜம். மீதி பிற்பாடு யுஎஸ்பி வழியாகவோ இணையம் வழியாகவோ வரும். "எல்லா அம்சங்களும் வரும்" என்பது விளம்பரப் பேச்சு. அதற்கு வாரண்டி கிடையாது.

சட்டம் எங்கே நிற்கிறது?

நிறுவனம் எழுதித் தருவது ஒன்று, சட்டம் தருவது வேறொன்று. ஒன்று இல்லை என்பதால் மற்றதும் இல்லை என்றாகாது.

அமெரிக்காவில் 1975-இன் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் உண்டு. எழுத்து வாரண்டி தரும் நிறுவனம், பொருள் அதன் வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற உள்ளுறை வாரண்டியை அடியோடு மறுக்க முடியாது. லிமிடெட் வாரண்டியில் அதன் காலத்தைச் சுருக்க மட்டும் இடமுண்டு. எங்கள் பாகத்தைத்தான் போட வேண்டும், இல்லையென்றால் வாரண்டி ரத்து என்ற நிபந்தனையையும் பொதுவாக விதிக்க முடியாது. ஆனால் இந்தச் சட்டம் வீட்டுப் பயன்பாட்டுக்கான நுகர்பொருள்களுக்கு உரியது. பின்பால் வணிகப் பொருளா, வீட்டுப் பொருளா என்ற வாதம் அதனால்தான் எழுகிறது. சந்தேகம் இருந்தால் நுகர்பொருளாகவே கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் விளக்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நுகர்வோருக்குப் பலம் அதிகம். 2022 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி விற்பனையாளருக்கு இரண்டு ஆண்டு பொறுப்பு; முதல் ஓராண்டுக்குள் தெரியும் குறை, விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். பிரிட்டனில் 2015-இன் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பித் தந்து பணத்தைக் கேட்கலாம். இரண்டு இடத்திலும் பொறுப்பு விற்றவர் தலையில். தயாரித்தவரின் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது அங்கே இரண்டாம்பட்சம். கடையின் பெயரில், நிறுவனக் கணக்கில் வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. விலை குறைவென்று வேறு நாட்டு விநியோகஸ்தரிடம் வாங்குபவர்கள் மிச்சம் பிடித்த பணத்தோடு இதையும் எடை போட வேண்டும்.

விற்பவர் யார்?

பெரிய நிறுவனங்கள் விநியோகஸ்தர் மூலமாகத்தான் விற்கின்றன. புகாரும் முதலில் அங்கேதான் போகும். வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் வாங்கும் விநியோகஸ்தர் ஆலையில் பேசினால் காரியம் நடக்கும். தனி ஆள் மின்னஞ்சல் அனுப்பினால் வரிசையில் நிற்க வேண்டும். சில நூறு டாலர் தள்ளுபடிக்காக முகம் தெரியாத விற்பனையாளரிடம் போவது இந்தப் பொருளில் கெட்டிக்காரத்தனம் இல்லை. புது ஆட்டத்தின் முதல் தொகுதிக்கு அவசரப்படுவதும் அப்படித்தான். குறைகள் முதல் தொகுதியில் வெளிப்பட்டு, அடுத்த தொகுதிக்குள் சரியாவது இந்தத் தொழிலில் வாடிக்கை.

சிறு நிறுவனங்களிடம் முன்பணம் கட்டும்போது கவலையே வேறு. பிரிட்டனின் ஹைவே பின்பால் 2018-இல் மூடப்பட்டது. ஆஸ்திரேலியாவின் ஹேகிஸ் பின்பால் 2024-இல் கலைப்புக்குப் போனது. பின்பால் தயாரிப்பில் இறங்கிய டெக்சாஸின் டீப்ரூட் குழுமத்தில் முதலீட்டாளர் பணம் தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்று அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2021-இல் வழக்கே தொடுத்தது. இப்படி ஒரு நிறுவனம் விழுந்தால் வாரண்டித் தாளை வைத்து எதுவும் செய்ய முடியாது. மெஷின் கைக்கு வராதவர்கள் பாடு இன்னும் மோசம். கிரெடிட் கார்டில் கட்டியவர்களுக்கு வங்கி வழியாகத் தொகையை மீட்க ஒரு வாய்ப்பாவது இருக்கும், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்குள் கேட்டால். வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பியவர்கள் நிறுவனத்திடமிருந்து பணம் வர வேண்டியவர்களின் பட்டியலில் கடைசியில் நிற்பார்கள்.

மெஷின் கையில் இருந்து நிறுவனம் மட்டும் போய்விட்டால் பாதிப்பு பாகத்துக்குப் பாகம் மாறும். ரப்பரும் பந்தும் எங்கும் கிடைக்கும். காயில்களிலும் பல வகை பொது அளவில் வருபவை. அந்த ஒரே ஆட்டத்துக்காக வார்த்த ரேம்பும், அந்த நிறுவனம் மட்டுமே வடிவமைத்த போர்டும் கிடைக்காது. வெளியார் தயாரித்து விற்கும் பொதுவான கட்டுப்பாட்டுப் போர்டுகளைப் பயன்படுத்தும் சிறு நிறுவனங்களும் உண்டு. அந்த மட்டில் அவை தேவலை. வாரண்டி எத்தனை மாதம் என்று கேட்கும்போதே, ஒரு உதிரி போர்டும் ஒரு செட் ரேம்பும் மெஷினோடு சேர்த்து விலைக்குத் தருவீர்களா என்றும் கேட்டுவிடுங்கள்.